மடியில் விட்ட ஓணான்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டுச் சிறுவன் கைப்பேசியும் கையுமாக என் திண்ணைக்கு வந்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவன். திரையில் மஞ்சள் உடலும் கரும்புள்ளிகளும் கொண்ட ஒரு பல்லி, சிரிப்பது போன்ற வாயுடன் தெரிந்தது. 'தாத்தா, நாய் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். இதை வாங்கலாமா? இது குரைக்காது' என்றான். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவனிடம் பல்லியைப் பற்றிக் கேட்பானேன் என்று தோன்றலாம். எங்கள் ஒதியம்பட்டில் முன்பு நடந்த ஒன்றை அவன் அறிந்திருந்தான். அதனால்தான் தயங்கியபடி கேட்டான்.

அடுத்த தெருவில் கல்லூரி மாணவர் ஒருவர் பச்சை இகுவானாக் குட்டி ஒன்றை வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும் உடல், நீண்ட வால், இலைப்பச்சை நிறம். தெருப் பிள்ளைகள் அனைவரும் பார்த்து வந்தனர், நானும் பார்த்தேன். சன்னலோரம் மீன்தொட்டியில் வைத்து, முட்டைக்கோசும் சோறும் கொடுத்தார். ஐந்தாம் மாதம் அதன் தாடை வீங்கியது. ஏழாம் மாதம் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. எட்டாம் மாதம் இறந்தது. அந்த இளைஞர் அதற்காக அழுதார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். அவர் கொடியவர் அல்லர். விற்றவர் சொன்னதை நம்பியவர்.

நடந்தது என்னவென்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். பகலில் வெயில் காயும் ஊர்வனவற்றின் தோலில் புற ஊதா பி கதிர் பட்டால்தான் டி உயிர்ச்சத்து உருவாகும். அந்த உயிர்ச்சத்து இல்லாமல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. இரத்தத்தில் சுண்ணாம்பு குறையும்போது உடல் தன் எலும்பையே கரைத்து அக்குறையை ஈடுசெய்கிறது. தாடை ரப்பர்போல் மெதுவாகும், கால் எலும்பு வளையும். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆண்டு முழுவதும் வெயில் கொட்டும் புதுச்சேரியில் ஓர் உயிர் வெயில் இல்லாத நோயால் இறந்தது. தொட்டியை வெயிலில் வைத்திருந்தாலும் பயனில்லை. கண்ணாடித் தொட்டி அரை மணியில் அடுப்பாகிவிடும்.

'வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்பானேன்' என்பது நம் பழமொழி. இதில் ஓணானின் மீது குற்றமில்லை; எடுத்து விட்டவர் மீதுதான் குற்றம் என்பதைப் பழமொழி தெளிவாகவே சொல்கிறது.

பொருளியலில் இதற்கென்றே ஒரு கோட்பாடு உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் நல்ல சரக்குச் சந்தையை விட்டு விலகி, கெட்ட சரக்கே மிஞ்சும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் குறையுள்ள காருக்கு 'லெமன்', அதாவது எலுமிச்சை என்று பெயர். இந்த ஆய்வுக்காக அவர் 2001-இல் வேறு இருவருடன் நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பல்லிச் சந்தைக்கும் இது சொல்லுக்குச் சொல் பொருந்தும் என்று அப்போது தெரியாது. வேடிக்கை என்னவென்றால், சிறுவன் காட்டிய அந்தப் பல்லியினத்தில் எலுமிச்சையின் பெயரிலேயே ஒரு நிற வகை உண்டு: 'லெமன் ஃப்ராஸ்ட்'. பனி பூத்த எலுமிச்சை போன்ற அதன் நிறத்துக்கு ஒரு காலத்தில் பெரும் விலை இருந்தது. அந்நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே தோலில் கட்டிகளையும் தருகிறது என்பதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டனர். அந்த வகையில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி வருகிறது. நிறம் பார்த்து வாங்கியவர்கள் நோயையும் சேர்த்தே வாங்கினார்கள். 'எனிக்மா' என்று மற்றொரு வகை. அது தலை சாய்ந்து, வட்டமிட்டுச் சுற்றும் நரம்புக் கோளாறு உடையது. முதன்முறை வாங்குபவர் அரிய நிறங்களின் பக்கமே போக வேண்டாம். இயல்பான நிறமுள்ளதே நலமானது, விலையும் குறைவு.

சரி, எதைத்தான் வாங்குவது? தொடக்கநிலையினருக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படுபவை இரண்டு. ஒன்று, சிறுவன் காட்டிய லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம். மற்றொன்று ஆஸ்திரேலியாவின் பியர்டெட் டிராகன். நம் ஓணானுக்கு ஒன்றுவிட்ட உறவு என்பதால் தாடி ஓணான் எனலாம்.

சிறுத்தைப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அதையொட்டிய வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. ஒரு சாண் நீளம். நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, கண்ணை நாவால் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். விரலடியில் ஒட்டும் மயிர்த்தட்டு இல்லாததால் கண்ணாடியில் ஏறித் தப்பாது. கொழுப்பை வாலில் சேமிக்கும், ஆகவே வாலின் பருமனைப் பார்த்தே அதன் நலத்தை அறியலாம். அந்தி வேளையில் நடமாடுவதால் டி3 கலந்த சுண்ணாம்புப் பொடியை இரையில் தூவிக் கொடுத்தால் விளக்கில்லாமலும் சமாளிக்கும். 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பெட்டி போதும். தொட்டியின் ஒரு முனை 32 பாகை, மறு முனை 25 பாகை செல்சியஸ் என இருக்க வேண்டும். இடையே தனக்கு வேண்டிய இடத்தை அது தேடிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள மூன்று மறைவிடங்கள் தேவை. அவற்றுள் ஒன்று ஈரமாக இருந்தால்தான் தோலை ஒழுங்காக உரிக்கும். மணல் பரப்பக் கூடாது, இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

தாடி ஓணான் பெரியது. ஒன்றரை முதல் இரண்டு அடி வரை வளரும், 4 அடிப் பெட்டி கேட்கும். பகலில் விழித்திருப்பதால் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கிடைக்கும். கையில் எடுத்தால் அமைதியாக இருக்கும். வளர்ந்தபின் பாதிக்கு மேல் கீரையும் காயும் தின்னும். ஆனால் வெயில் காய 40 பாகை அளவுக்குச் சூடான ஓரிடமும், புற ஊதா பி விளக்கும் கட்டாயம். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கதிர் மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். ஆதலால் உற்பத்தியாளர் சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும்.

பச்சை இகுவானா இந்த வரிசையில் இல்லை. ஒரு சாண் குட்டி ஐந்தடி விலங்காகும். தனி அறை கொடுக்க வசதியுள்ளவர்களுக்கே அது. பச்சோந்திகளும் வேண்டாம், கையில் எடுப்பதே அவற்றுக்கு நோய். நியூ கலிடோனியாவின் கிரெஸ்டட் கெக்கோவையும் பல நூல்கள் எளிது என்கின்றன. நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தீவுதான் அது, ஆனால் தட்பவெப்பம் நம்முடையதன்று. அறை 28 பாகையைத் தாண்டினால் அந்தப் பல்லி வாடத் தொடங்கும். குளிர்சாதனம் இடைவிடாது ஓடும் வீட்டுக்கு மட்டுமே அது எளிது.

இங்கேதான் நாம் அயல்நாட்டு நூல்களை அப்படியே நம்பக் கூடாது. குளிர்நாட்டில் எழுதப்பட்டவை அனைத்தும் தொட்டியைச் சூடாக்குவது எப்படி என்று பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. புதுச்சேரியில் பிரச்சினை தலைகீழ். மே மாதத்தில் வெளியே 38 பாகை, சில நாள் 40. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையும் தகரக் கூரை அறையும் அதற்கும் மேல். பாலைவனப் பல்லி என்றால் வெப்பம் தாங்கும் என்று நினைப்பது தவறு. பாலைவனத்தில் அது பகலெல்லாம் பாறையிடுக்கின் குளிர்ச்சியில் கிடக்கிறது. தொட்டியில் ஓடி ஒளியக் குளிர்ந்த மூலை இல்லையென்றால் பிற்பகல் ஒன்றே போதும் அதைக் கொல்ல. கடலோர ஈரப்பதம் மற்றொரு தொல்லை. இவ்விரண்டுக்கும் வேண்டியது நாற்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. மூச்சுக்குழல் நோயும் தோல் பூஞ்சையும் அப்போதுதான் வரும். முழுக் கண்ணாடித் தொட்டியை விட மேலும் பக்கமும் வலையடித்த மரப்பெட்டி நமக்கு ஏற்றது. தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த, தடித்த சுவருள்ள அறையைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்தது இரை. பல்லி வளர்ப்பது என்பது உண்மையில் பூச்சி வளர்ப்பதுதான். பல்லி அதன் பின்னர் வருகிறது. சிறுத்தைப் பல்லிக் குட்டிக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை உயிருள்ள சுவர்க்கோழியோ மாவுப்புழுவோ வேண்டும். செத்த பூச்சியை அது திரும்பியும் பார்க்காது. வயல்வரப்பில் வெட்டுக்கிளி பிடித்துப் போடலாமே என்று சிறுவன் கேட்டான். வில்லியனூர், பாகூர் பகுதிகளில் நெல்லுக்கும் கரும்புக்கும் பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. மருந்து பட்டும் சாகாத வெட்டுக்கிளி, நஞ்சைச் சுமந்துகொண்டு பல்லியின் வயிற்றுக்குள் போகும். ஆகவே வீட்டிலேயே டப்பாவில் கோதுமைத் தவிடு போட்டுப் புழு வளர்க்க வேண்டும். சமையலறை அலமாரிக்குப் பக்கத்தில் அந்த டப்பா இருப்பதை வீட்டார் ஒப்புக்கொள்கிறார்களா என்பது விலையைக் காட்டிலும் முதன்மையான கேள்வி.

இனிச் சட்டம். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022-இல் திருத்தப்பட்ட வடிவம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நம் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் தண்டம். நம் முந்திரித் தோப்பிலும் முட்புதரிலும் காணும் பச்சோந்தியும் சட்டத்தின் காப்பில் உள்ளதே. அயல்நாட்டு விலங்குகளுக்கும் இப்போது கணக்கு உண்டு. பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள இனங்கள் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, அத்தகைய உயிரை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டு, அதுவும் முடிந்தது. இப்போது வாங்குபவர் முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். குட்டி ஈன்றாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பச்சை இகுவானா இந்தப் பட்டியலில் உண்டு. அடுத்த தெரு இளைஞரிடம் விற்றவர் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை, இரசீதும் தரவில்லை.

சிறுத்தைப் பல்லியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் பேரினத்தைச் சேர்ந்த பல்லிகள் நம் நாட்டுக் காடுகளிலும் வாழ்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒன்று உண்டு. சாத்பூரா மலைகளில் வாழும் மற்றொன்று 2014-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பழகாத கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். காட்டில் பிடித்ததைப் பண்ணையில் பிறந்ததென்று சொல்லி விற்க இது இடம் தருகிறது. சோதிக்க வரும் அதிகாரியும் புள்ளியைப் பார்த்தவுடன் தாளைத்தான் கேட்பார். வளர்ப்பு எளிமையை மட்டும் பார்த்தால் என் வாக்கு சிறுத்தைப் பல்லிக்கே. சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கையில், இடமிருப்பவர்களுக்குத் தாடி ஓணானே மேல் என்று நான் கருதுகிறேன். எதுவாயினும், பட்டியலில் உள்ளதா இல்லையா என்பதை விற்பவரின் வாய்மொழியால் முடிவு செய்யலாகாது. இனத்தின் அறிவியல் பெயரை எழுதிப் புதுச்சேரி வனத்துறையிடம் கேட்டு, எழுத்தாக விடை பெற்ற பிறகே முன்பணம் தர வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பல்லிகளும் இகுவானாக்களும் பிடிபடும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். பிடிபடாமல் வந்தவை எங்கோ ஒரு கடையில் மலிவாக விற்கப்படும் என்பதை ஊகிக்கப் பொருளியல் படிக்க வேண்டியதில்லை.

விலை என்று நாம் சொல்வது வாங்கும் நாளின் விலையை மட்டுமே. தாடி ஓணானுக்கு விளக்குகள் சேர்ந்து 100 வாட் என்று கொள்வோம். நாளைக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட், ஆண்டுக்கு 365, அது வாழக்கூடிய பத்தாண்டுகளுக்கு 3,650 யூனிட். பெட்டியும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் மருத்துவரும் இதற்கு மேல். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கொரு நற்பேறு. எனினும், கறவை மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்ப்பவர்களில் பல்லியைத் தொட்டுப் பழகியவர் மிகச் சிலரே. வாங்கும் முன்பே அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுத்தைப் பல்லி பதினைந்து, இருபது ஆண்டு வாழும். சிறுவனுக்கு இப்போது வயது 14. பல்லிக்கு 15 ஆகும்போது அவனுக்கு 29. அப்போது அவன் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பான், நம் ஊர் வழக்கப்படி பாரிசிலும் இருக்கக்கூடும். புழுவுக்குத் தவிடு மாற்றிக்கொண்டிருப்பவர் அவனுடைய அம்மாவாகத்தான் இருப்பார். 'உண்மையில் வாங்கப்போவது நீ இல்லை, உன் அம்மா' என்று சொன்னபோது அவன் சிரித்தான். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அவர் சிரிக்கவில்லை. அவ்வீட்டில் மூன்று வயதுத் தங்கையும் இருக்கிறாள். நலமாகத் தோன்றும் பல்லியின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விலக்கியே வைக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை.

வளர்க்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? 'ஏரியில் விட்டுவிட்டேன், பிழைத்துக்கொள்ளும்' என்கிறார்கள். அதை ஒரு புண்ணியமாகவே சொல்கிறார்கள். செல்லப் பிராணியாக விற்கப்பட்ட செங்காது ஆமைகள் கேரளக் குளங்களில் இப்படித்தான் குடியேறின. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கைவிடப்பட்ட பச்சை இகுவானாக்கள் பெருகி, கால்வாய்க் கரைகளைக் குடைந்து, தோட்டங்களை அழித்தன. 2021-இல் அம்மாநிலம் அவற்றைத் தடை செய்யப்பட்ட இனமாக அறிவித்தது. அங்கே குளிர் காலத்தில் அவை விறைத்து மரத்திலிருந்து விழுவதாவது உண்டு. நமக்கு அந்தக் குளிரும் இல்லை. 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரி வில்லியனூருக்கு அருகில்தான் இருக்கிறது. சங்கராபரணி ஆறும் நம்மிடையேதான் ஓடுகிறது. வளர்ப்பவர் கைகழுவும் செலவு இத்தகைய நீர்நிலைகளின் கணக்கில் ஏறும். புறவிளைவு என்று பாடநூலில் இதற்குப் பெயர்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிறுவன், 'அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?' என்றான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஓர் உயிரின் மீது ஆர்வம் வருவதே அரிதாகிவிட்ட காலம் இது. ஓணானைக் கண்டால் கல்லெறியும் தலைமுறையில் வளர்ந்தவன் நான், எறிந்தும் இருக்கிறேன். அவன் கேட்பது அதைவிட உயர்ந்த ஒன்று. அதனால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பல்லிக்கு முன்னால் இரண்டு பொருள்களை வாங்குவது: வெப்பமும் ஈரமும் காட்டும் சிறிய மானி ஒன்று, மாவுப்புழு ஒரு டப்பா. பெட்டி வைக்கப்போகும் இடத்தில் மானியை வைத்து, மே வெயிலிலிருந்து கார்த்திகை மழை முடியும் வரை நாளைக்கு மூன்று வேளை எண்ணைக் குறிக்க வேண்டும். புழுவைச் சாகாமல் பெருக்க வேண்டும். மாலையில் குழல்விளக்கடியில் வரும் வீட்டுப் பல்லிகளையும், வேலியோர ஒதிய மரத்துத் தலை சிவந்த ஆண் ஓணானையும் பார்த்து எழுத வேண்டும். கோடை விடுமுறையில் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள முதலைப் பண்ணைக்கு ஒருமுறை அழைத்துப்போய், வளர்ந்த உடும்பினங்கள் எவ்வளவு பெரிய இடத்தில் வாழ்கின்றன என்பதைக் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தை பிறந்ததும் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அவன் அம்மா முடிவு செய்வார்.

நேற்று அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். மாடியறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 37 பாகை. அந்த இடத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கீழே நெல் மூட்டை அடுக்கும் அறையில் 32 என்று எழுதியிருக்கிறான். முதல் டப்பாப் புழுக்கள் மாடி வெப்பத்தில் செத்துப்போயின. இரண்டாம் டப்பா இப்போது நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஏழு புழுக்கள் கூட்டுப்புழுவாகியுள்ளன. வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை போலும். மூன்று இரவு விழித்திருந்து பார்த்து, 'சரிதான்' என்று குறித்திருந்தான்.